உன் பக்கத்தை யாராலும் படிக்க முடியவில்லை

இன்று காலை பிரஸ்ஸிலிருந்து நம் பத்திரிகைக் கட்டு வந்தது. கயிற்றை அறுத்ததும் புது மையின் நெடி முகத்தில் அடித்தது. நீ இருந்திருந்தால் முதலில் மோந்து பார்த்திருப்பாய். பிறகு ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்து, "தாளு மட்டும் பளபளக்குதுடா, எழுத்து எங்கே?" என்று ஆரம்பித்திருப்பாய்.

நான் நடுப்பக்கத்தைத் திறந்தேன். உன் சாவுக்கு நான் எழுதிய அஞ்சலி அங்கே இருக்கிறது. உன் புகைப்படத்தைப் பக்கம் முழுக்கப் பரப்பி, உன் வெள்ளைச் சட்டையின் மேல் என் வரிகளை வெளிர்சாம்பல் நிறத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள். நானே எழுதியது என்பதால் மனப்பாடமாகச் சொல்ல முடிந்தது. படிக்க முடியவில்லை.

நான் திருத்தி அனுப்பிய புரூஃபில் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாகத்தான் இருந்தது. போன் போட்டேன். "சேட்டா, வெறும் வெள்ளையில் ஒரு பங்கியில்லல்லோ. இப்போ அடிபொளி அல்லே?" என்றார் பக்கம் வடிவமைக்கும் ஜோமோன். வெறும் வெள்ளையில் அழகே இல்லையாம், இப்போதுதான் பிரமாதமாம். அவரைத் திட்டக்கூட என்னால் முடியவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எடா, நீ போன பிறகு நான் கொண்டுவரும் முதல் இதழ் இது. இதிலேயே இப்படி ஆனால் நான் என்னதான் செய்வது?

நாம் செய்துகொண்டிருந்த காரியத்தை வெளியாளுக்குச் சொன்னால் சிரிப்பான். மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில், பிள்ளை குட்டிக்காரர்களான இரண்டு ஆண்கள், பெரிய மேசைமேல் கட்டைவிரல் உயரச் சிப்பாய்களை நிறுத்தி, அளவுகோலால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிப் போர் நடத்தினோம். நீ ஏலூரில் உரத் தொழிற்சாலையில் ஷிப்டு முடித்துப் பஸ் மாறி மாறி வருவாய். நான் மாநகராட்சி சுகாதாரப் பிரிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து காத்திருப்பேன். சாயா ஆறிக் கிடக்கும். நீ எப்போதும் டச்சுக்காரர்கள் பக்கம்தான் ஆடுவாய். ஏன் என்று கேட்டால், "தோக்கப் போறவனுக்கும் ஒரு ஆள் வேண்டாமாடா?" என்பாய்.

விளையாட்டின் விதிப் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழில் இருந்தால் தமிழிலேயே சண்டை போடலாமே என்று நீதான் பத்திரிகை தொடங்கலாம் என்றாய். கோயம்புத்தூரில் சிலர், மதுரையில் சிலர், கொழும்பில் ஒரு பல் வைத்தியர். மொத்த வாசகர்களையும் ஒரு கல்யாண வேனில் ஏற்றிவிடலாம் என்று பெருமையாகச் சொல்வாய்.

முதல் இதழ் ஞாபகம் இருக்கிறதா? போர் என்றால் பழங்காலம், பழங்காலம் என்றால் ஓலைச்சுவடி என்று நினைத்து, அன்று பக்கம் கட்டியவர் எல்லாப் பக்கத்துக்கும் பழுப்புப் பின்னணி கொடுத்து அதன்மேல் தவிட்டு நிற எழுத்துகளை வைத்திருந்தார். அட்டவணையில் மூன்று எது, எட்டு எது என்று தெரியவில்லை. மதுரைக்காரர் ஒருவர் போன் செய்து, "சார், உங்க கணக்குப்படி நகர்த்தினா என் குதிரைப்படை எதிரி முகாமைத் தாண்டி மேசைக்கு வெளியே போயிடுது சார்" என்றார். நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. "பாவம்டா. லீவு போட்டு உட்கார்ந்து விளையாடியிருப்பாரு" என்றாய். அன்றிலிருந்து வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்துதான் வேண்டும் என்று நீ நச்சரித்ததில் பிரஸ்ஸில் உனக்குப் பெயரே 'வெள்ளையில் கறுப்பு சேட்டன்' என்று ஆகிவிட்டது.

உன் கண்ணில் கோளாறு என்று எனக்கு முதலில் தோன்றாததற்கு இதுதான் காரணம். "எழுத்து மங்கலா இருக்கு, மை பத்தல" என்று நீ சொன்னபோதெல்லாம் நான் பிரஸ்ஸைத்தான் பார்த்தேன். நீயும் பிரஸ்ஸைத்தான் நம்பினாய். ஒரு நாள் அட்டையில் இருந்த பெரிய தலைப்பையே வளைந்திருக்கிறது என்றாய். சர்க்கரை கண்ணின் உள்ளே ரத்தம் கசிய வைத்திருக்கிறது என்றார் எர்ணாகுளத்து டாக்டர். லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். ஒவ்வொரு முறையும் கண் கட்டைப் பிரித்ததும் உன் மனைவி செல்வியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நம் பத்திரிகையைக் கேட்டாய். அதற்காக அவள் உன்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

பிறகு சிறுநீரகமும் போயிற்று. அந்த நாட்களில் எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த இதழையாவது நீ உன் கண்ணால் படித்துவிட வேண்டும் என்று எர்ணாகுளம் பிராட்வேயில் காகிதக் கடை காகிதக் கடையாக ஏறி இறங்கினேன். பளபளப்பில்லாத தாள், பின்பக்க எழுத்து முன்னால் தெரியாத தாள். விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். கடைக்காரர் ஒருவர், "என்ன அண்ணாச்சி, பட்டுச்சேலையா எடுக்கறீங்க?" என்றார். எழுத்தைப் பெரிதாக்கினேன், வரிகளை விலக்கினேன். கட்டுரைகள் பாதியானதில் எழுதியவர்களுக்கு வருத்தம்.

அந்த இதழை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். நீ கட்டிலில் சாய்ந்திருந்தாய். வாங்கி மோந்து பார்த்தாய். நிதானமாகப் பக்கம் புரட்டினாய். "நல்லா வந்திருக்குடா" என்றாய். இன்னும் புரட்டினாய். ஓரிடத்தில் விரலை வைத்து, "இந்தப் பக்கம் பாரு, முத்து முத்தா இருக்கு" என்றாய்.

அந்தப் பக்கம் தலைகீழாக இருந்தது. பைண்டிங்கில் அந்தப் பிரதியின் ஒரு பகுதியையே திருப்பிவைத்துக் கட்டியிருந்தார்கள்.

நான் செல்வியைப் பார்த்தேன். அவளும் பார்த்துவிட்டாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள். உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"எடா, அந்தப் பக்கம் தலைகீழா இருக்கு."

நீ விரலை எடுக்கவில்லை. பிறகு, "எல்லாக் காப்பியும் இப்படியாடா?" என்று கேட்டாய்.

"இல்ல. மத்ததெல்லாம் பார்த்துட்டேன். இது ஒண்ணுதான்."

"அப்போ சாரமில்ல, போகட்டும். வாசகனுக்குப் போகலியே." மூச்சு விட்டாய். அதற்குப் பிறகுதான் சொன்னாய்: "எனக்கு ஒண்ணும் தெரியலடா. கொஞ்ச நாளாவே தெரியல. நீ கஷ்டப்பட்டுக் கொண்டுவர்றே, அதான் சொல்லல."

அன்று நாம் இரண்டு பேரும் அழுதோம். செல்வி சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, அவளும் உட்கார்ந்து அழுதாள்.

அதன்பின் நான்தான் உனக்கு வாசித்தேன். உன் மகள் மீனாவுக்கு மலையாளம்தான் சரளம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஒரு பத்தி வாசிப்பதற்குள் உனக்குப் பொறுமை போய்விடும், அவளுக்குக் கண் கலங்கிவிடும். எனவே ஆபீஸ் விட்டதும் நான் வந்துவிடுவேன். டயாலிசிஸ் நாட்களில் மருத்துவமனைக்கு வருவேன். விதிகளைக் காதால் கேட்டே திருத்தினாய். "அந்த வாக்கியத்திலே மூச்சு முட்டுது, ரெண்டா உடைச்சுப் போடு" என்பாய். உடைத்துப் போட்டால் உண்மையிலேயே புரிந்தது. இந்த இதழின் பாதி உன் காது திருத்தியது. மீதிப் பாதி நீ இல்லாமல் நான் தட்டுத் தடுமாறிச் செய்தது.

நீ போனது ஒரு மழைப் பகலில், மருத்துவமனையில். பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவை நிறுத்தினார். வேறு ஒன்றையும் எழுத எனக்குக் கை வரவில்லை.

இன்று மத்தியானம் மீனா வந்தாள். நடுப்பக்கத்தைக் காட்டினேன். அஞ்சலியை வெள்ளைத் தாளில் கறுப்பாக அடித்து வாங்கிவந்து, ஒவ்வொரு பிரதியிலும் அந்தப் பக்கத்தின் மேல் ஒட்டத் தொடங்கினோம். அவளுக்குப் பசை தடவும் வேலை. கொஞ்ச நேரத்தில் கையை நிறுத்திவிட்டாள்.

"மாமா, அப்பாவைப் பத்தி என்ன எழுதியிருக்கு? வாயிச்சுத் தாங்க."

வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் குரல் உடைந்துவிட்டது. அவள் தாளை என் கையிலிருந்து வாங்கி, விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். மலையாளத்தின் சாயலில் இழுத்து இழுத்துப் படித்தாள். தப்பும் தவறுமாக, கடைசி வரி வரைக்கும் படித்து முடித்தாள். எந்த எழுத்திலும் கண்ணைச் சுருக்கவில்லை. "இது வாயிக்கான் எளுப்பமுண்டு மாமா" என்றாள். படிக்க எளிதாக இருக்கிறதாம். பிறகு பசைக் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டாள்.

அவள் போன பிறகு மேசையைப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் நாற்காலி காலியாக இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஆட வேறு யாரும் எனக்கு இல்லை. அடுத்த இதழ் வருமா என்று கொழும்பு வைத்தியர் கேட்டிருக்கிறார். பதில் எழுத உட்கார்ந்தால் உனக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. கண் போன பிறகு உன்னை எர்ணாகுளத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போகும்போது தோப்பும்படிப் பாலத்திலிருந்தே தொடங்குவாயே, வழியில் வரும் போர்டுகளை எல்லாம் வாசித்துச் சொல் என்று. நகைக்கடை, பல் ஆஸ்பத்திரி, வாடகைக்கு வீடு. எழுத்து என்ன நிறம், பின்னால் என்ன நிறம் என்றும் கேட்பாய். நீலத்தில் சிவப்பு என்றால், "அய்யே, யாருடா இவனுக்குச் சொல்லிக்கொடுத்தது!" என்று முகத்தைச் சுளிப்பாய். போன வாரம் வேலையாக இடப்பள்ளிக்குப் பஸ்ஸில் போனேன். பெரிய கடைகளின் போர்டுகள் வரத் தொடங்கின. "பச்சையில் மஞ்சள், பாதி விலை" என்று என் வாய் சத்தமாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திரும்பி, "எந்தா?" என்றார்.

"ஒண்ணுமில்ல சேட்டா" என்றேன். பஸ் நகர்ந்தது. அடுத்த போர்டு வந்தது. அதையும் வாசித்தேன்.