ஏழாம் எண் பதில்

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் ஆபீஸ் நடத்தும் ஃபோன் விளையாட்டைப் பற்றி இன்று நூற்றுப் பதினான்கு புகார்கள். பாதிப்பேர் சொல்வது ஒன்றுதான்: இந்த விளையாட்டில் காசு போட்டவன் கத்தி வாங்குகிறான், போடாதவன் குத்து வாங்குகிறான். மீதிப்பேர் அரட்டைப் பெட்டியில் வாங்கிய வசவுகளை அப்படியே ஒட்டி அனுப்புகிறார்கள். எல்லாருக்கும் ஆபீஸ் எழுதிவைத்த ஏழாம் எண் பதில்: “தங்கள் மனவருத்தம் எங்களுக்குப் புரிகிறது.” ஒரே பொத்தான். புகார் மூடப்படும். என்ன புரிந்தது எனக்கு? ஒரு மண்ணும் இல்லை.

மார்ச் 9, திங்கள்

குண்டூசி என்ற பெயரில் ஆடுகிறவர் இரண்டாவது முறையாக எழுதியிருக்கிறார். ராஜாளி என்று ஒருவன் தினமும் அசிங்கமாகப் பேசுகிறானாம். “என்னைப் பெண் என்று நினைத்துப் பேசுகிறான். நான் ஆண்தான். ஆனாலும் பொறுக்க முடியவில்லை அம்மா.” பதிலுக்குக் கீழே என் பெயருக்குப் பதில் ஆபீஸ் வேறொரு பெண் பெயரைப் போட்டு வைத்திருக்கிறது. அதனால் நான் அம்மா.

ராஜாளி காசைக் கொட்டுகிற ஆள். மேலாளரிடம் கேட்டேன். “அவன் மேல கை வெச்சா என் சீட்டு கிழிஞ்சிடும். ஏழு போட்டு மூடும்மா” என்றார். மூடினேன்.

மார்ச் 11, புதன்

சாப்பிடும்போது அப்பா சிரித்தார்! அம்மா போன பிறகு இந்த வீட்டில் கேட்காத சத்தம். பொழுது போகட்டும் என்று எங்கள் ஆபீஸ் விளையாட்டைத்தான் அவர் ஃபோனில் போட்டுக் கொடுத்திருந்தேன். அங்கே என் வேலை என்னவென்று அவருக்குச் சொன்னதில்லை. அதில் மூன்று கூட்டாளிகள் கிடைத்திருக்கிறார்களாம். “ஒருத்தர் ரிட்டயர்டு கம்பவுண்டர். சண்டை சும்மா சாக்கு. சாயங்காலம் ஆனா ஒரே அரட்டைதான்.”

மார்ச் 17, செவ்வாய்

குண்டூசியின் மூன்றாவது புகார். நீளமாக இருந்தது, முழுதும் படிக்கவில்லை. ஏழு.

ஒரே ஆளைப் பற்றிய மூன்று புகார்கள் இப்படி மூடப்பட்டால், புகார் செய்தவரையே தொல்லைக்காரர் என்று கணக்கில் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முப்பது நாள் வாய்ப்பூட்டு போட்டுவிடும். மற்றவர்கள் எழுதுவதைப் படிக்கலாம், தான் எழுத முடியாது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் அழுத்தினேன்.

மார்ச் 20, வெள்ளி

அப்பா முகமே சரியில்லை. கேட்டால் “ஒண்ணுமில்லம்மா.”

மார்ச் 24, செவ்வாய்

அப்பாவின் ஃபோன் மேசையில் அரட்டைப் பெட்டியோடு திறந்து கிடந்தது. ‘குண்டூசி, எங்க போனீங்க? எங்க மேல கோவமா?’

“குண்டூசின்னா யாருப்பா?”

“உங்கம்மாதான். தையல் மிஷின்ல உக்காந்தா எப்பவும் வாயில நாலு குண்டூசி இருக்கும். கல்யாணமான புதுசுல நான் வெச்ச பேரு. நீ பொறந்தப்புறம் கூப்பிட வெக்கமாப் போச்சு.” அப்புறம் ஃபோனைத் திருப்பி வைத்தார். “பேச முடியலம்மா. ஊமை மாதிரி பாத்துட்டே இருக்கணும். அவங்க தப்பா நெனச்சுக்கறாங்க. புகார் பாக்குற பொண்ணு மரியாதையாத்தான் எழுதிச்சு. படிக்கல போல.”

தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். பாவி.

மார்ச் 25, புதன்

மூன்றாவது புகாரை இன்றுதான் படித்தேன். “அது என் மனைவியின் பெயர். அவள் இப்போது இல்லை. அவனுக்குத் தண்டனை வேண்டாம். அந்தப் பெயரை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.”

வாய்ப்பூட்டை எடுத்துவிடச் சொல்லி மேலாளரிடம் கெஞ்சினேன். “சிஸ்டம் போட்டதை நாம எடுக்க முடியாது” என்றார். கழிவறையில் போய் அழுதேன்.

மார்ச் 26, வியாழன்

சொல்லிவிட்டேன். “அந்தப் பொண்ணு நான்தான்பா.”

அப்பா கேட்டார்: “ஒரு நாளைக்கு எத்தன பேருக்குப் பதில் போடணும்?”

“நூத்தி இருபது.”

“பாவம்” என்றார். என்னைத்தான் சொன்னார். திட்டியிருக்கலாமே அப்பா — நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே.

ஏப்ரல் 16, வியாழன்

ஒவ்வொன்றையும் முழுதாகப் படித்து, நானே பதில் எழுதியதில் இன்று முப்பத்தொன்றுதான் முடிந்தது. மேலாளர் இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்.

வாய்ப்பூட்டு இன்றோடு தீர்ந்தது. ஓடிவந்து சொன்னேன். அப்பா ஃபோனில் அந்த விளையாட்டே இல்லை. மறுபடி போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம்மா. அவ பேரு நம்ம வீட்டோட இருக்கட்டும்.”

சாயங்காலம் முழுக்க ஜன்னல் பக்கம் சும்மா உட்கார்ந்திருந்தார்.