படகுக்காரன் இல்லாத ஐந்தாம் பாகம்

என் அருமை மச்சான் குமரா,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு எப்போது வரும், எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாயே, நம் கப்பல் வீடியோ கேமின் ஐந்தாம் பாகம் வந்துவிட்டது. "நான் எழுந்து வரலேன்னா எனக்கும் சேத்து ஆடிட்டு, கதைய வந்து சொல்லு மச்சான்" என்றாய். ஆடத் தொடங்கி ஒரு மாதம் ஆகப்போகிறது, பாதிகூடத் தாண்டவில்லை. உனக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ திட்டுவாய். கடல் அச்சு அசல் கடலாக இருக்கிறது. தேவனாம்பட்டினத்தில் விடிகிற நேரத்தில் பார்ப்போமே, அந்த வெளிச்சம். ஆனால் அந்தக் கடலில் நமக்கு வேலையே இல்லை. பாயைத் திருப்ப வேண்டாம், காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டாம். மேப்பில் ஒரு தீவைத் தொட்டால் கப்பல் தானாகப் போய் நிற்கிறது.

நீ மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவன். சிதம்பரத்தில் காலேஜ் படிக்கும்போது, நம் ரூமில் உட்கார்ந்து, மூன்றாம் பாகத்தின் எதிர்க்காற்றில் ஒரு சாயங்காலம் முழுக்கக் கப்பலைத் திருப்பித் திருப்பிக் கரை சேர்த்தாய். இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "இதுக்கு காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸுல ஏறிக் குந்திக்கலாமே" என்றா? அப்படித்தான் சொல்லியிருப்பாய் என்று நினைக்கிறேன். ஆனால் ஆபீஸில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும், இதுவரை வந்ததிலேயே இதுதான் பெஸ்ட் என்கிறார்கள். அப்படியென்றால் கேம் கெட்டுப்போனதா, நான் கெட்டுப்போனேனா? இந்த மாதிரி விஷயத்தை நான் உன்னைத் தவிர யாரிடம் கேட்டிருக்கிறேன்?

அதைக்கூட விட்டுத் தள்ளலாம். படகுக்காரன் இல்லை மச்சான்.

நாலு பாகத்திலும் கதாநாயகன் கூடவே வந்தானே, அந்தத் தொப்பை வைத்த படகுக்காரன். முக்கோண பட்டனை அழுத்தினால் எங்கிருந்தாலும் ஓடி வருவான், கடலில் விழுந்தால் தூக்கிவிடுவான். நம் கன்ட்ரோலரில் மட்டும் கூப்பிடாமலேயே வருவான், அதற்குக் காரணம் நீ. உன் தங்கை செல்வியை எனக்குக் கட்டிக்கொடுத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமையானால் கடலூரில் எங்கள் வீட்டுக்கு ஆட வந்துவிடுவாய் அல்லவா? அப்படி வந்த ஒரு ஆயுத பூஜைக்கு, படகு இன்ஜினுக்கும் பைக்குக்கும் பொட்டு வைத்தது போதாதென்று கன்ட்ரோலர் மேலும் சந்தனத்தைக் குழைத்து அப்பினாய். அது இடுக்கில் இறங்கிக் காய்ந்து, அழுத்தின பட்டன் மேலே வராமல் ஒட்டிக்கொண்டது. படகுக்காரன் வருவான், போவான், திரும்ப வந்து நிற்பான். அவன் இங்கிலீஷில் என்ன பேசினாலும் நீ உன் குரலில் "தோ வரேன்பா, கத்தாத" என்பாய். அடுப்படியில் செல்வி சிரிக்கிற சத்தம் கேட்கும்.

இந்தப் பாகத்தில் அவன் செத்தானா, ஊரை விட்டுப் போனானா, ஒன்றுமே சொல்லவில்லை. கதாநாயகன் ஒரு தடவைகூட அவன் பேரை எடுப்பதில்லை. படகில் அவன் உட்காருகிற பலகையில் ஒரு பெட்டியை வைத்துவிட்டார்கள். அதே பட்டனை அழுத்தினால் இப்போது மேப் திறக்கிறது. உன் சந்தனத்தின் புண்ணியத்தில் திறந்து திறந்து மூடுகிறது. எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஒரு கேமுக்காக இவ்வளவு கோபப்படலாமா என்று வெட்கமாகவும் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செல்வி வெங்காயத் தட்டோடு வந்து, நீ உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். உரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் படகுக்காரன் எங்க? ஆளையே காணும்."

"இந்தப் பாகத்துல அவன் இல்ல."

"செத்துட்டானா?"

"தெரியல. ஒண்ணுமே சொல்லல."

"அதெப்படிங்க? இவ்ளோ நாளா கூடவே இருந்தவன். எங்க போனான்னு ஒரு வார்த்த பேச மாட்டாங்களா?"

உன் காரியம் முடிந்ததிலிருந்து இந்த வீட்டில் நாங்களும் உன் பேரை எடுத்ததில்லை, குமரா. எடுத்தால் அவள் அழுவாள் என்று நான் எடுக்கவில்லை. நான் உடைந்துபோவேன் என்று அவள் எடுக்கவில்லை. உன் போட்டோவுக்குத் தினமும் பூ மாற்றுகிறோம், பேச்சு மட்டும் கிடையாது. அவளுக்கும் அதே நினைப்பு வந்திருக்க வேண்டும், உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்தபடியே இருந்தாள்.

"எங்கண்ணன் இருந்திருந்தா, இந்த கேம செஞ்சவன தேடிப் போயி சண்ட போட்டிருக்கும்" என்றாள் பிறகு.

நான் முக்கோண பட்டனை அழுத்தினேன். மேப் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. பக்கத்திலிருந்து செல்வி அப்படியே உன் குரலில் சொன்னாள், "தோ வரேன்பா, கத்தாத."

அதற்குமேல் எனக்கு டிவி தெரியவில்லை. கதாநாயகன் கடலில் விழுந்து செத்தான். அவனை யாரும் தூக்கிவிடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் உன்னைப் பற்றியே பேசிப் பேசி, அன்றைக்கு உலை வைக்கவே மறந்துபோனோம்.

கேம் நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, மச்சான். அந்தக் குழப்பம் தீராது போல. ஆனால் ஆடி முடித்து, கேட்டபடி உனக்குக் கதை சொல்வேன். படகுக்காரன் வர வேண்டிய இடத்திலெல்லாம் செல்வி அவனைப் பேசவைத்துவிடுவாள். பட்டனைக் கழற்றிச் சுத்தம் செய்ய மாட்டேன், வருகிற ஆயுத பூஜைக்கும் அதே இடுக்கில் சந்தனம் உண்டு. எங்கே போனாய் என்று கேட்காத வீடாக இந்த வீடு இனி இருக்காது.

உன் தங்கச்சி வீட்டுக்காரன்,
உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற மச்சான்,
மணி