பங்காரி நீட்டும் கால்

ஜீவனஹள்ளி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் தீபிகாவும் நலம். மஸ்கட்டில் வெயில் கொளுத்துகிறதாமே, வண்டி ஓட்டும்போது தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். எதிர்வீட்டு கேசவ் லீவு முடிந்து நாளை அங்கே திரும்புகிறான். இந்தக் கடிதத்தையும் குழம்புத்தூளையும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நாய் என்று ஆரம்பித்தாலே நீங்கள் போனை வைத்துவிடுகிறீர்கள். இதையாவது முழுசாகப் படியுங்கள்.

முதலில் என் வேலை விஷயம். பயப்படாதீர்கள், போகவில்லை. எங்கள் மருந்துக் கம்பெனியில் நாய்களுக்கு மருந்து ஏற்றிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அதையே இனி கண்ணாடித் தட்டில் வளர்க்கும் செல்களில் செய்து பார்ப்பார்களாம். அந்தத் தட்டுகளைக் கழுவ என்னைப் போட்டிருக்கிறார்கள். எலிகள் இன்னும் இருக்கின்றன, அதுகளுக்கு என்றைக்கு விடியுமோ. நாய்க் கூண்டுகளைக் காலியாகப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

நாய்களைத் தத்துக் கொடுக்கும் அமைப்பிலிருந்து மமதா மேடம் வந்து எல்லாவற்றுக்கும் வீடு பார்த்தார். ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை. வயதானது, காதில் நம்பர் பச்சை குத்தியது. பெயர் வைக்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். ஆனாலும் கூட வேலை செய்யும் மஞ்சுநாத், தங்கமே என்கிற மாதிரி, கன்னடத்தில் அதைப் பங்காரி என்றுதான் கூப்பிடுவார். கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கிறேன் என்று நான் கூட்டி வந்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்தது தப்புதான். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள்.

அதற்குப் படி ஏறத் தெரியவில்லை. மண்ணில் கால் வைக்கவே பயம். தண்ணீர் லாரி வந்தால் என் புடவைக்குள் ஒளிகிறது. வீட்டுக்கார ஷோபாம்மா, "என்ன மரகதம், இது குரைக்கவே மாட்டேங்குது, திருடன் வந்தா டீ போட்டுக் குடுக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்கு ஆட்சேபணை ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அது முன்னங்காலை நீட்டுகிறது. தெருப் பிள்ளைகள் ஷேக்ஹேண்ட் கொடுக்குது என்று கை தட்டுகிறார்கள். தீபிகாவும் அப்படி நினைத்துத்தான், அப்பா பார்க்கட்டும் என்று உங்களுக்குப் போட்டோ அனுப்பினாள். மாமா, அது கை கொடுக்கவில்லை. ரத்தம் எடுத்துக்கொள்ளச் சொல்லி நீட்டுகிறது. கம்பெனியில் மனுஷர்கள் அதன் பக்கத்தில் உட்கார்ந்தது ரத்தம் எடுக்க மட்டும்தான். டாக்டர் ஊசி போடுவார், நான் காலைப் பிடித்துக்கொள்வேன். முதலில் முரண்டு பிடித்தது, அப்புறம் தானாகவே நீட்டப் பழகிவிட்டது. இங்கே சோறு வைத்தாலும் முதலில் காலை நீட்டிவிட்டுத்தான் வாய் வைக்கிறது. தீபிகாவிடம் இதைச் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மமதா மேடம் உங்களுக்குப் போன் செய்வார். வீட்டில் எல்லோரும் சம்மதித்தால்தான் நாயை நம்மிடம் விடுவார்களாம். நீங்கள் வேண்டாம் என்றால் அன்றைக்கே கூட்டிப் போய்விடுவார். நல்ல மனுஷிதான், ஆனால் அவர்கள் இடத்திலும் கூண்டில்தான் இருக்க வேண்டும். இருக்கிற ஒரு அறையில் நாய் ஒன்றுதான் குறைச்சலா என்று நீங்கள் கேட்டது நியாயம். நான் சண்டைக்கு வரவில்லை. கல்யாணமானதிலிருந்து உங்களை எவ்வளவோ கேட்டு நச்சரித்திருக்கிறேன், இதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மாரியம்மன் உங்களுக்குத் துணையிருப்பாள். பொங்கலுக்கு நீங்கள் வந்து உட்கார்ந்ததும் அது உங்களிடமும் காலை நீட்டும். பிடிக்காதீர்கள் மாமா. அது காலைக் கீழே வைக்கும் வரைக்கும் தலையைத் தடவிக்கொண்டே இருங்கள்.

உங்கள்
மரகதம்