நரி முகம் பார்த்த நாள்

கம்பைநல்லூர்
18-1-1938

அன்புள்ள அண்ணன் பச்சியப்பனுக்கு,

தங்கை தீர்த்தம்மாள் எழுதுவது. கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்று சவுரியப்பன் வாத்தியார் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் பயந்துபோய் இருக்கிறேன்.

எல்லாரும் தூங்கிய பிறகு குதிருக்குப் பின்னால் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் பேரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று அப்பா சொன்னது இன்னும் மாறவில்லை. மாமன் மகளைக் கட்ட மாட்டேன் என்று நீங்கள் ஜோலார்பேட்டைக்கு ரயில் வேலைக்குப் போனதை அவர் மறக்கவில்லை. நான் எழுதியது தெரிந்தால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவார்.

பொங்கல் முடிந்து கரிநாளன்று வழக்கம்போல அப்பா எங்களை ஆற்றோரம் அழைத்துப் போனார். அன்றைக்கு மட்டும் அவருக்குக் காட்டு வேலையும் கிடையாது, கோபமும் கிடையாது. ராசுவைத் தோளில் வைத்துக்கொண்டார். நீங்கள் போகும்போது தவழ்ந்துகொண்டிருந்த நம் தம்பி இப்போது அப்பாவின் தலைமுடியைப் பிடித்துக் குதிரை ஓட்டுகிறான். தங்கச்சி செல்லி வழி நெடுக ஆவாரம்பூ பறித்து மடியில் கட்டிக்கொண்டாள். மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்தோம். தூக்கணாங்குருவிக் கூடு ஒன்று கீழே விழுந்து கிடந்தது. அப்பா அதற்குள் விரலை விட்டு, எது வாசல், எது முட்டை வைக்கிற அறை என்று காட்டினார். ஈர்க்குச்சியை வளையில் விட்டு நண்டை வெளியே இழுத்தார். ராசுவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

பிறகு வங்காநரி பார்க்கக் கரட்டுக்குப் போனோம். வருஷா வருஷம் பாறைமேல் உட்கார்ந்து, தூரத்துப் புதரில் அதன் வால் தெரிந்தாலே யோகம்தான் என்று திரும்பிவிடுவோம் அல்லவா? இந்த வருஷம் உச்சி வெயிலில் ஒரு நரி நேராக எங்களைப் பார்த்து நடந்து வந்தது. பின்னங்கால் தள்ளாடியது. வாய் ஓரம் ஈரமாக இருந்தது. அப்பாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

"அசையாதீங்க. நம்மளத் தேடி வருது பாருங்க. மொகத்த நல்லாப் பாத்துக் கும்புடுங்க" என்றார்.

"ஏம்ப்பா அது நம்மளக் கண்டு பயப்படல?" என்று கேட்டேன்.

"நம்ம வூட்டு மேல அதுக்கு அவ்வளவு பிரியம் புள்ள" என்றார்.

நாங்கள் வரிசையாகக் கையைக் கூப்பிக்கொண்டு நின்றோம். அது வந்து ராசுவின் மணிக்கட்டைக் கவ்வியது. விடவே இல்லை. அப்பாதான் தாடையைப் பிளந்து விடுவித்தார். கையில் தடி இருந்தும் அவர் அதை அடிக்கவில்லை. கரிநாளில் நரியை அடிக்கக் கூடாதாம். அது போகிற வழியில் காசியம்மாள் அத்தையின் கன்றுக்குட்டியின் மூக்கையும் கடித்துவிட்டுப் போனது.

ஊரில் எல்லாரும் ராசுவுக்கு மஞ்சள் நீர் சுற்றினார்கள். முகம் பார்த்தாலே யோகம், இவனைத் தொட்டே விட்டது என்கிறார்கள். அம்மா காயத்தில் மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறாள். வெறிநாய் கடித்த ஆள் தண்ணீரைக் கண்டு அலறிச் செத்ததை வாத்தியார் ஒரு நாள் வகுப்பில் சொன்னார். நரிக்கும் அது வருமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்று கேட்பார். அண்ணா, வருமா?

பதிலை வாத்தியார் வீட்டு விலாசத்துக்கு எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்காக வழி பார்த்திருக்கும்
தீர்த்தம்மாள்


ஜோலார்பேட்டை
21-1-1938

பிரியமுள்ள தங்கை தீர்த்தாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. பயந்துகொண்டே எழுதினாலும் ஒரு வரி கோணவில்லை.

நீ சின்ன வயதிலிருந்தே பயந்தவள். ஓணானைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் கொல்லைப் பக்கம் போகாமல் இருந்தாய். அதனால் முதலில் சிரித்துவிட்டேன். நானும் அந்தக் கரட்டில் கையைக் கூப்பி நின்று வளர்ந்தவன்தான். நரி கடித்து ஒருவர் செத்ததாக நம் ஊரில் கேட்டதில்லை. ஆனால் நம் ஊரில் நரி யாரிடமும் இவ்வளவு பக்கத்தில் வந்ததும் இல்லை. அந்த இடத்தில் என் சிரிப்பு நின்றுவிட்டது.

இங்கே ரயில்வே டாக்டர் ஒருவர் வந்து போவார். அவர் வந்ததும் கேட்டு எழுதுகிறேன். அதற்குள் நீ எனக்கு இரண்டு விஷயம் தெரிவி. அந்த நரியைப் பிறகு யாராவது பார்த்தார்களா? காயம் ராசுவுக்கு மட்டும்தானா?

அப்பாவிடம் என் பேச்சை எடுக்காதே. அவர் கோபத்தில் ராசுவின் காரியம் கெட்டுவிடக் கூடாது.

உன் அண்ணன்
பச்சியப்பன்


கம்பைநல்லூர்
24-1-1938

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில் இருக்கிறது.

நரி செத்துப்போயிற்று. ஆடு மேய்க்கிறவர்கள் கரட்டுக்குக் கீழே ஓடையில் பார்த்தார்களாம். தண்ணீருக்குப் பக்கத்திலேயே கிடந்ததாம். ஊரார் அதற்கும் மஞ்சள் துணி போர்த்திப் புதைத்தார்கள். நம் வீட்டுக்கு யோகத்தைக் கொடுத்துவிட்டு உயிரை விட்டதாம். அப்பா குழியில் முதல் பிடி மண் போட்டார்.

காயம் ராசுவுக்கு மட்டும் இல்லை. நேற்று அப்பா ஏற்றம் இறைத்துவிட்டு வந்தபோது கைகழுவத் தண்ணீர் ஊற்றினேன். வலது கட்டைவிரல் அடியில் இரண்டு பல் பதிந்திருந்தது. ஒன்று இன்னும் ஆறவில்லை.

"என்னங்கப்பா இது?"

"முள்ளு."

"ரெண்டு முள்ளாங்கப்பா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். "உங்கம்மாகிட்ட சொல்லாத" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டால் மூடிக்கொண்டார்.

அதனால் அவருக்கும் பயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அது தெரிந்த பிறகு என் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. அப்பா பயப்படாதவரைக்கும், நான்தான் பைத்தியக்காரத்தனமாக நினைக்கிறேன் என்று ஒரு ஆறுதல் இருந்தது.

அம்மாவிடம் ராசுவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்டேன். "ஊரே கையெடுத்துக் கும்புடுற புள்ளைய ஊசி குத்தச் சொல்றியா? வாயக் கழுவுடி" என்றாள். தாலாட்டும்போது மட்டும் அந்தக் கையைத் தடவிக்கொண்டே இருக்கிறாள்.

ராசு தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் நான் பக்கத்தில் போய் நிற்கிறேன். இன்று குடித்தான். விளையாட்டுக்கு என் முகத்தில் கொப்பளித்துத் துப்பவும் செய்தான்.

சீக்கிரம் எழுதுங்கள்.

தீர்த்தம்மாள்


ஜோலார்பேட்டை
27-1-1938

பிரியமுள்ள தீர்த்தாவுக்கு,

டாக்டரைப் பார்த்தேன். நான் முழுதும் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டார். நரி, நாய் எல்லாம் ஒன்றுதானாம். பகலில் மனிதனைத் தேடி வந்தால் அதற்கு வெறி பிடித்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டுமாம். சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி ஊசி போடுகிறார்கள். நோய் தலைகாட்டுவதற்கு முன்னால் போட்டுவிட வேண்டும். தலைகாட்டிவிட்டால் ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது. இதை உன்னிடம் மறைக்கலாமா என்று யோசித்தேன். மறைத்தால் நீ நான் சொல்வதைச் செய்ய மாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை இலந்தைப்பழம் பொறுக்கப் போகிறோம் என்று சொல்லி ராசுவையும் செல்லியையும் கூட்டிக்கொண்டு விடியலிலேயே கிளம்பு. மொரப்பூர் ஸ்டேஷனில் சேலம் வண்டிக்கு நான் நிற்பேன். ராசுவை என்னிடம் கொடு. செல்லியோடு நீ திரும்பிவிடு. வண்டி கிளம்பிய பிறகு வீட்டில் உண்மையைச் சொல். பழியை என்மேல் போடு. அப்பாவுக்கு என்மேல் ஏற்கெனவே இருக்கிற கோபத்தோடு இதுவும் சேரட்டும்.

அப்பாவின் விரலுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ராசுவைத் தூக்கிவிடலாம். அவரை யார் தூக்குவது?

அண்ணன்
பச்சியப்பன்


கம்பைநல்லூர்
31-1-1938

அன்புள்ள அண்ணனுக்கு,

ராசுவோடு உங்கள் வண்டி போன பிறகு செல்லியோடு திரும்பி நடந்தேன். பாதி வழியில், "ராசு வந்துருவானாக்கா?" என்றாள். வருவான் என்றேன். "அந்த நரி நம்மளப் பாக்கவே இல்லக்கா. அதுக்குக் கண்ணுல ஒண்ணுமே இல்ல" என்றாள். இதை அவள் அன்றைக்கே சொல்லியிருந்தால் யாராவது கேட்டிருப்போமா?

ஒரு கூடை நிறைய இலந்தைப்பழத்தோடு வீட்டுக்குள் போனேன். வெறும் கையோடு போக எனக்குத் தைரியம் இல்லை. அம்மா முதலில் ராசுவைக் காணாமல் வாசலை எட்டிப் பார்த்தாள். நான் சொன்னேன். அவள் என் முதுகில் அடித்துக்கொண்டே அழுதாள். காசியம்மாள் அத்தை வந்து, "வந்த யோகத்த ரயிலேத்தி அனுப்பிட்டாளே உம்மவ. நாளைக்கு மழ பெய்யலன்னா யாரக் கேக்கறது?" என்றாள்.

அப்பா அடிக்கவில்லை. களத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். திரித்த கயிறு கையில் அப்படியே நின்றது.

"யாருகிட்டக் குடுத்த?"

"அண்ணன்கிட்டங்க."

அந்தச் சொல்லை இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் முன்னால் சொன்னேன். அவர் கோபப்படுவதற்காகக் காத்திருந்தேன். "புள்ள அழுதானா?" என்று கேட்டார். "வண்டியப் பாத்ததும் அழுகைய வுட்டுட்டானுங்க" என்றேன். மறுபடி கயிறு திரிக்கத் தொடங்கிவிட்டார். அந்தக் கட்டைவிரலால் திரிக்காமல் இடது கையால் திரித்தார்.

அவரையும் வரச் சொல்லுங்கள் அண்ணா. நான் சொன்னால் கேட்க மாட்டார்.

தீர்த்தம்மாள்


சேலம்
3-2-1938

பிரியமுள்ள தீர்த்தாவுக்கு,

ராசுவுக்கு ஊசி ஆரம்பித்துவிட்டது. முதல் நாள் என்னை உதைத்தான், கடித்தான். இப்போது ஊசிக்காரரைக் கண்டதும் தானே சட்டையைத் தூக்கிக்கொண்டு அழுகிறான். ராத்திரியில் "அப்பா, நண்டு" என்று உளறுகிறான். நல்லபடியாக முடியும் என்று டாக்டர் நம்புகிறார். உறுதி சொல்லவில்லை.

தாடையைப் பிளந்து விடுவித்தவர் யார் என்று அவரே கேட்டார். எங்கள் அப்பா என்றேன். அவர் எங்கே என்றார். ஊரில் என்றேன். அவரையும் உடனே கூட்டி வா என்றார்.

அப்பாவிடம் இதைச் சொல். அவர் இங்கே வந்தால் நான் அவர் கண்ணில் படாமல் இருக்கிறேன். ராசுவைக் கவனிக்க ஆள் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறேன். என்னைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று அவர் வராமல் இருக்க வேண்டாம்.

அண்ணன்
பச்சியப்பன்


கம்பைநல்லூர்
6-2-1938

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை அப்பாவே கொண்டு வருகிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவும் மாட்டார். அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

காசியம்மாள் அத்தையின் கன்றுக்குட்டி முந்தாநாள் கத்த ஆரம்பித்தது. கன்று கத்துவது போல இல்லை. தொண்டை கிழிந்த மாதிரி, நிறுத்தாமல். வாயில் நுரை. கட்டுத்தறியை முட்டி முட்டி நெற்றி கிழிந்துவிட்டது. ஊரில் யாரும் யோகம் என்று பேசவில்லை. பிள்ளைகளைக் கதவுக்குள் வைத்துக்கொண்டார்கள். அப்பா மட்டும் போய் அது சாகும்வரை வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்ததும் அம்மாவிடம் தானாகவே விரலைக் காட்டினார். அம்மா கத்தவில்லை. அந்த விரலைத் தன் முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நான் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். அவர் கண்ணில் படாமல் இருப்பீர்கள் என்று சொன்னபோது, "அவனெதுக்குப் போவணும்? எம்புள்ளய நான் பாத்தா கண்ணு அவுஞ்சா போயிரும்?" என்றார். ராசுவைச் சொல்கிறாரா, உங்களைச் சொல்கிறாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. உங்களையும் என்றுதான் நான் வைத்துக்கொண்டேன்.

பிறகு செல்லியைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டார். "அடுத்த கரிநாளுக்கு நரி பாக்கப் போவ வேணாம் கண்ணு. நண்டு பாக்கலாம், குருவிக்கூடு பாக்கலாம்" என்றார். செல்லி சரி என்று தலையாட்டினாள். யார் கூட்டிப் போவது என்று அவள் கேட்கவில்லை. நல்லவேளை கேட்கவில்லை.

அண்ணா, அவரைப் பார்த்ததும் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். மன்னிப்பும் கேட்க வேண்டாம். அதெல்லாம் பிறகு. கையைப் பிடித்து நேரே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஊசி வேண்டாம் என்று முறைத்தால் ராசுவை முன்னால் நிறுத்துங்கள். அவன் சட்டையைத் தூக்கிக் காட்டுவான்.

நான் ராசுவுக்குச் செய்தது போலவே அவர் தண்ணீர் குடிக்கும்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. நேற்றும் முந்தாநாளும் என்னை எதிரில் நிற்கவைத்து, செம்பைத் தூக்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கவிழ்த்துக் காட்டினார். சிரிக்கவும் செய்தார்.

இன்று படுக்கும்முன் தண்ணீர் கொடுத்தேன். வாங்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தார். செம்பைக் கவிழ்க்காமல் என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. விடியற்காலை வண்டியின் நினைப்பில் தாகம் இல்லாமல் இருக்கலாம். செம்பு என் பக்கத்தில்தான் இருக்கிறது. பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

இதைக் கையில் வாங்கியதும் அவர் பக்கத்திலேயே நில்லுங்கள் அண்ணா. டாக்டர் பார்க்கும் வரைக்கும் அவரைத் தனியாக விடாதீர்கள்.

தங்கை
தீர்த்தம்மாள்