இரண்டாம் தரம் கேட்காதவர்கள்

இக்காஸ்ட், டென்மார்க்
13.11.1988

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். நீங்களும் தம்பி ஸ்ரிபனும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். ஆவணியில் நீங்கள் எழுதியது போன கிழமைதான் வந்து சேர்ந்தது. தம்பியின் பாதத்தைக் கடதாசியில் வைத்துக் கீறி அனுப்பிய அளவைக் கொண்டுபோய்க் குளிர்ச் சப்பாத்து வாங்கிவிட்டேன். ஒரு அளவு கூட்டித்தான் வாங்கினேன்.

உங்கள் இருவரையும் இங்கே கூப்பிடும் விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. அப்பா விண்ணப்பக் கந்தோருக்குப் போன் எடுத்துக் கேட்கும்போதெல்லாம், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்கிறார்கள். நிரந்தர வேலை உள்ளவனின் விண்ணப்பத்தை முதலில் எடுப்பார்கள் என்று அப்பா நம்புகிறார். அதனால் தான் வேலை செய்யும் தொழிற்சாலையில் கடிதம் வாங்கி அனுப்பியிருந்தார். இனி அந்த வேலையைப் பற்றி எழுத வேண்டும்.

பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு நானும் அங்கேதான் போகிறேன். துடைப்பதும் மத்தியானச் சாப்பாட்டு மேசையும் என் பொறுப்பு. அங்கே கொம்பியூட்டரோடு பொருத்தும் ஒரு பெட்டி செய்கிறார்கள். செபப்புத்தகம் அளவில் ஒரு தட்டை அதற்குள் செருகலாம், கழற்றிக் கையோடு கொண்டுபோகலாம். ஒரு கந்தோரின் கடதாசி முழுவதும் அந்தத் தட்டுக்குள் அடங்குமாம்.

போன செவ்வாய் கோப்பன்ஹேகனிலிருந்து முதலீடு செய்கிறவர்கள் வந்தார்கள். இதே போலப் பெட்டி செய்ய அமெரிக்காவில் ஒரு புதிய கொம்பனி வந்திருக்கிறது. பணத்தை எங்களில் போடுவதா, அவர்களில் போடுவதா என்று பார்க்க இரண்டு பெட்டிகளையும் மேசையில் வைத்திருந்தார்கள். எங்களுடையது உறுதியாம், புதியது மலிவாம். கோப்பியோடு நான் உள்ளே போனபோது, அவர்களில் வயதான ஒருவர் என்னைக் கூப்பிட்டார். கொம்பியூட்டர் தெரியாத பிள்ளைக்கு எது சுகமாக இருக்கிறதோ அதுதான் விற்கும் என்று சொல்லி, தட்டுகளைக் கழற்றி மாற்றச் சொன்னார். எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். இரண்டையும் மாற்றினேன். பிறகு அவர், இவற்றில் ஒன்றை உனக்குத் தந்தால் எதை எடுப்பாய் என்று கேட்டார்.

அவர் உண்மையாகவே தரப்போகிறார் என்று நினைத்துவிட்டேன் அம்மா. யாரும் எதையும் நீட்டினால் நாங்கள் முதலில் சொல்வதைத்தான் சொன்னேன். வேண்டாம், நன்றி, ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் இன்னொரு தரம் கேட்கவில்லை. சிரித்துவிட்டு, இன்றைக்குக் கேட்டதில் இதுதான் நல்ல பதில் என்று மற்றவர்களுக்குச் சொன்னார். இரண்டிலும் பணம் போடாமல் போய்விட்டார்கள். தை மாதத்தோடு அப்பாவின் பகுதியை மூடுவதாக முதலாளி வெள்ளிக்கிழமை அறிவித்தார்.

அப்பாவோடு வேலை செய்யும் அந்தோனிதாசன் மாமா, “ஒரு சொல்லிலை கொம்பனியைக் கவிழ்த்துப்போட்டாய் பிள்ளை, அடுத்தது அரசாங்கமோ?” என்று பகிடி பண்ணினார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியில், “விடு பிள்ளை, அவங்கள் வரேக்கையே வேண்டாம் எண்டுதான் வந்திருப்பாங்கள்” என்றார். இருக்கலாம். வேலை போவதை விண்ணப்பக் கந்தோருக்கு அவர் இன்னும் அறிவிக்கவில்லை.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. உங்களுக்கு என் சிவப்புக் கம்பளிச் சட்டை சரியாக இருக்கும். தம்பியின் பாதத்தைத் திரும்பவும் கீறி அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம் அம்மா. கொழும்பில் விசாக் கந்தோரில் யாராவது உங்களைக் கூப்பிட்டு, டென்மார்க் போக விருப்பமா என்று கேட்கக்கூடும். நீங்கள் கூச்சப்படுவீர்கள், எனக்குத் தெரியும். அவர்கள் ஒரு தரம்தான் கேட்பார்கள். முதல் தரமே ஓம் என்று சொல்லுங்கள்.

உங்கள் செபத்தை நம்பியிருக்கும் மகள்,
எமிலியா