வாயசைப்பு

ஆகஸ்ட் 4
முதலாண்டு மாணவிகள் எல்லோரும் ஏதாவது ஒரு குழுவில் சேர்ந்தே ஆக வேண்டுமாம். கூச்சம் போகுமாம், நட்பு கிடைக்குமாம், நாளைக்கு வேலைக்குப் போனால் கைகொடுக்குமாம். வகுப்பு மேடம் அடுக்கிக்கொண்டே போனார். அம்மா போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. எனக்கு எதுவும் கைகொடுக்க வேண்டாம். விடுதி அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தால் போதும்.

ஆகஸ்ட் 7
புகைப்படக் குழு என்று நினைத்து நின்ற வரிசை, பாட்டுக் குழுவுடையதாம். விலகிப் போகக்கூடத் தெம்பில்லை. பாட்டு மாஸ்டர் ஒரு வரி பாடச் சொன்னார். பாடித் தொலைத்தேன்.
"நீ கடைசி வரிசைல நில்லும்மா. வாயை மட்டும் அசைச்சாப் போதும்."
நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 18
சாப்பிடவில்லை. வகுப்புக்கும் போகவில்லை.

ஆகஸ்ட் 20
போனில் அப்பாவிடம், "முடியலப்பா. படிப்பு வேண்டாம், வந்துடறேன்" என்று சொல்லியே விட்டேன். "சனிக்கிழமை வேனை எடுத்துட்டு வரேன்ம்மா" என்றார் உடனே. ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. வீட்டில் அவரும் தனியாகத்தானே கிடக்கிறார்.

ஆகஸ்ட் 21
கடைசியாக ஒருமுறை என்று ஒத்திகைக்குப் போனேன். இரண்டாவது பாட்டில் எல்லோரும் குரலை உயர்த்தியபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாய் எப்படியும் திறந்துதானே இருக்கு — அழுதுட்டேன். சத்தம் போட்டு. அம்மாவைத் தூக்கிட்டுப் போனப்போகூட நான் இப்படி அழலையே! நாற்பது பேர் பாடுற சத்தத்துல யாருக்குக் கேட்கப் போகுது?

பக்கத்தில் நிற்கும் நெட்டைக்குக் கேட்டுவிட்டது. அவளும் என்னைப் போல வாயசைக்கும் கேஸ்தான். திரும்பிப் பார்க்காமல் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியப் பாட ஆரம்பித்தாள். சுருதியாவது, தாளமாவது! மாஸ்டர் பாட்டை நிறுத்தி, "யாரது அங்க?" என்று கத்தினார்.
"நான்தான் சார்."
நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். வெளியே வந்ததும், "நாளன்னிக்கு வருவேல்ல?" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 22
அப்பா கூப்பிட்டார். "காலைல கிளம்பிடறேன். உன் ரூமைப் பெருக்கித் துடைச்சு வெச்சிருக்கேன்."
"நாளைக்கு ஒத்திகை இருக்குப்பா."
"அப்போ ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"
"அன்னிக்கும் இருக்குப்பா."
ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையே கிடையாது.
"சரிம்மா. சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.