வின்டன்காரர்கள் உன்னைக் கேட்கிறார்கள்

கால்டர், மிச்சிகன்
பிப்ரவரி 12, 1986

என் அன்பு மகன் டேலுக்கு அம்மா எழுதுவது. கூரையில் ஏறிப் பனி தள்ளுகிற அளவுக்கு அப்பா நலம், அவர் இறங்கும் வரை கீழே நின்று கத்துகிற அளவுக்கு நானும் நலம். அங்கே ஆஸ்திரியாவில் ஹாக்கி ஆட்டமெல்லாம் எப்படிப் போகிறது, நீ எப்படி இருக்கிறாய், உன் வலது முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது. போன கடிதத்தில் மலையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாய், முழங்காலைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. நீ எழுதாமல் விட்டதையும் படிக்கத் தெரிந்தவள்தான் நான், கண்ணு.

ஐரீன் சித்திக்கு இருமல் விட்டபாடில்லை, ஆனாலும் தேவாலயத்துக் காப்பிக்கு ஒரு வாரம் தவறுவதில்லை. ஏரி இந்த வருடம் சீக்கிரமே உறைந்துவிட்டது. உன் அறையில் குழாய் உறையக் கூடாதென்று தினமும் போய் ஹீட்டரைத் திருகிவிட்டு வருகிறேன், திருகுவதற்கு ஒரு நிமிடம் போதும், நான்தான் கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறேன். பக்கத்துத் தெருவில் பிள்ளைகள் ஹாக்கி மட்டையால் ரப்பர் பக்கை மரப்பலகையில் அடிக்கிற சத்தம் அங்கே நன்றாகக் கேட்கும். நீதான் அடிக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் லீக்கின் ஆல்-ஸ்டார் ஆட்டம் நம் ஊர் அரங்கில்தான் நடந்தது, போன சனிக்கிழமை மதியம். வடக்கு அணிகளிலிருந்து பொறுக்கியவர்கள் ஒரு பக்கம், தெற்கத்திக்காரர்கள் ஒரு பக்கம். அதனால் நம் பையன்களும் நம் பரம எதிரிகளான வின்டன் பையன்களும் ஒரே வெள்ளைச் சட்டையில் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியதாகிவிட்டது. சட்டைதான் ஒன்று, ஹெல்மெட் அவரவர் கிளப்புடையது, நமக்குப் பச்சை, அவர்களுக்கு அந்த ஆரஞ்சு. பெஞ்சின் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆரஞ்சு ஹெல்மெட் பனியில் இறங்கியதுமே உன் அப்பா ஆரம்பித்துவிட்டார், "டேய் வின்டன், நிக்கத் தெரியுதா, புடிச்சுக்க ஒரு நாற்காலி கொண்டாந்து போடவா" என்று. "ராய், இன்னிக்கு அவன் நம்ம ஆளு" என்று சொன்னேன். "சட்டைதான் நம்மது, மண்டை அவனுதுதானே" என்கிறார். இவரை நான் என்ன சொல்ல.

வின்டன்காரன் கோல் போட்டால் நம் அரங்கமே எழுந்து முதுகைக் காட்டி நிற்பது உனக்குத் தெரியாததா. அன்றைக்கு நம் பச்சை ஹெல்மெட் பையன் அழகாகத் தள்ளிக் கொடுத்தான், ஆரஞ்சு ஹெல்மெட் அடித்தான், பக் வலைக்குள் போயிற்று. நமக்குத்தான் கோல். ஆனால் கால்டர் மொத்தமும் எழுந்து திரும்பி, நமக்கு விழுந்த கோலுக்கே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. நானும்தான். தெற்கத்திக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அசடு வழிய உட்கார்ந்தோம், அப்பா மட்டும் நின்றார், பூட்ஸ் நாடா அவிழ்ந்துவிட்டதாம், கட்டுகிறாராம்.

இடைவேளையில் சூடாகக் கறி அடைத்த பேஸ்டி வாங்க வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து ஒரு குரல், "மார்லீன், உங்க ஊர் முதுகை நான் நல்லா பார்த்திருக்கேன், இவ்வளவு நேரம் பார்த்தது இன்னிக்குத்தான்" என்று. திரும்பினால் ஜாக் ட்ரெதவி, வின்டன் கோச். கையிலிருந்த பேஸ்டியின் மேல் குழம்பை ஊற்றி வைத்திருந்தார், நம் ஊரில் யாராவது அப்படிச் செய்வார்களா, அந்த ஊர்க்காரர்கள் திருந்த மாட்டார்கள். கேலிக்குப் பேசுகிறார் என்று நானும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டேலை எனக்குக் குடுங்க. வர்ற செப்டம்பர்லேர்ந்து. ஒரு வருஷம் ஆடட்டும், கால் ஒத்துழைக்கலேன்னா என் பக்கத்துல நின்னு பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கட்டும். அவனுக்கே எழுதியிருப்பேன். ஆனா ராய் வேணாம்னா அவன் வர மாட்டான், அது இந்தக் கரை முழுக்கத் தெரியும். ஈஸ்டருக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். நான் பேஸ்டி வாங்காமலே வரிசையை விட்டு வந்துவிட்டேன். உன் முழங்காலைப் பார்த்து நம் கிளப் வேண்டாமென்று சொன்ன பிறகு, உன்னைக் கடலுக்கு இந்தப் பக்கம் ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை, டேல். வின்டன் இங்கிருந்து ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்துவிட்டுப் போகலாம்.

வண்டியில் வரும்போது அப்பாவிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் காலையில்தான் தள்ளிய பனியை மறுபடி தள்ளப் போனார், தள்ள அங்கே ஒன்றும் இல்லை. ஞாயிறு முழுக்க வாய் திறக்கவில்லை. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு நிறத்துக்காகப் பிள்ளையை வேண்டாமென்கிற மனிதனோடா இத்தனை வருடம் குடும்பம் நடத்தினேன் என்று கூட நினைத்துவிட்டேன். திங்கட்கிழமை மரக்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் பொழுது சாயத்தான் வந்தார், பலகையும் இல்லை ஆணியும் இல்லை. சூப்பைக் கிண்டிக்கொண்டே இருந்துவிட்டு, "வின்டன் அரங்கத்துல இடது மூலைத் தடுப்புப் பலகை சரியில்ல. பக் பட்டா நேரா முகத்துக்குத் தெறிக்குது. பயிற்சி முழுக்க நின்னு பார்த்தேன். எழுதறப்ப அவன்கிட்ட சொல்லி வை" என்றார். சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பது போல நின்றேன்.

வா என்று உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். அங்கே உனக்கென்று ஒரு வாழ்க்கை இருக்கும், ஒருத்தி இருந்தாலும் இருப்பாள், இருந்தால் அவளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் மனதில் இருப்பதை மறைக்க எனக்குத் தெரியாது. நீ இல்லாத வீடு எனக்குப் பழகவே இல்லை. எந்த நிறச் சட்டையானாலும் நானே துவைத்துத் தருகிறேன்.

முழங்காலைக் குளிரில் விடாதே, கம்பளிப் பட்டையைக் கட்டிக்கொள். கடவுள் உன் கூடவே இருக்கட்டும், என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. ஈஸ்டரை மறக்காதே. ஒன்று மட்டும் கவனமாகக் கேள். வருவதாக இருந்தால் வீட்டு முகவரிக்கே எழுது. வர முடியாதென்றால் ஐரீன் சித்தி வீட்டுக்கு எழுது, நான் அப்பாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தையே நான் இன்னும் போடவில்லை, ஆனாலும் இரண்டு நாளாகத் தபால்காரர் வருவதற்கு முன்பே அவர் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

உன் வரவுக்கு ஏங்கும்
அம்மா மார்லீன்